பின்சீட்டு

ஆளுக்கு ஒன்று என்றது கோர்ட்.
எது யாருக்கு என்று சொல்லவில்லை.
அதனால் கல்மண்டபத்துக்குப் பின்னால்
கபூர் பாய் ஷெட்டில்
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி
நீயே முதலில் எடுத்துக்கொள் என்றான் எட்வின்.
பெருந்தன்மை இல்லை.
நான் தப்பாக எடுப்பேன் என்ற நம்பிக்கை.

ஹெரால்டு, அறுபத்தாறாம் வருஷம், பாலாடை நிறம்.
கெஸல், எழுபத்தைந்து, கரும்பச்சை.
ஒரே வம்சம்.
இங்கிலாந்தில் வரைந்து நம்மூரில் பொருத்தியது.
அதே குட்டி இன்ஜின், காலையில் அதே இருமல்.
ராயபுரத்துக் கடல் காற்று
இரண்டின் அடிவயிற்றையும்
ஒரே பசியோடுதான் தின்றிருக்கிறது.

கெஸலுக்கு நாலு கதவு.
அவரவர் திறந்து அவரவர் இறங்கலாம்.
ஹெரால்டுக்கு இரண்டே.
முன்னால் இருப்பவர் இறங்கி
சீட்டை மடக்கி
ஒதுங்கி நின்றால்தான்
பின்னால் இருப்பவருக்கு வெளியே என்று ஒன்று உண்டு.

பதினோரு வருஷம் அந்தப் பின்சீட்டில் நான்.
முன்னால் அவனும் அவன் அக்கா ஸ்டெல்லாவும்.
கொருக்குப்பேட்டை கேட் போட்ட ஒரு மே மாத மத்தியானம்
கூட்ஸ் வண்டி போகும்வரை
இருவரும் இறங்கிக் கரும்பு ஜூஸ் குடித்தார்கள்,
கதவைச் சாத்திவிட்டு.
நாற்பத்தெட்டுப் பெட்டி.
எண்ணியது நான்தான்.

ஆகவே கெஸல் என்று சொல்ல வாய் திறந்தேன்.

பாய் அப்போது ஜாக்கி போட்டுக்கொண்டிருந்தார்.
ஹெரால்டின் பின்பக்கம் எழும்ப எழும்ப
இரண்டு சக்கரமும் உள்ளே மடங்கின,
இறக்கையைப் பிடித்துத் தூக்கினால்
கோழி காலை இழுத்துக்கொள்ளுமே, அப்படி.
"இதுக்கு ஒவ்வொரு வீலும் தனிம்மா.
ஒன்னு பள்ளத்துல வுழுந்தா
இன்னொன்னு பாட்டுக்குப் போயினே இருக்கும்.
பச்சைக்கு அப்டி இல்ல, ஒரே தண்டு.
இது சாஞ்சா அதுவும் சாயணும்.
அந்தக் காலத்துல எவனுக்கும் பிடிக்கல இந்தத் தனித்தனி.
வளைவுல வேகமா போனா காலை வாரும்னு பயம்.
மாத்திட்டான்."

நான் தரையில் மண்டியிட்டுப் பார்த்தேன்.
சுடிதார் முட்டியில் கிரீஸ்.
பச்சை வண்டியில் கதவெல்லாம் விடுதலை.
அடியில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில்,
ஒரு கால் இன்னொரு காலோடு பூட்டு.
எனக்குப் பழக்கமான பூட்டு.

"ஓட்டிப் பாக்கறியா?" என்றான் எட்வின், சிரித்துக்கொண்டே.
லைசென்ஸ் எடுத்து எட்டு மாசம்.
ஐஸ் ஃபேக்டரி முதலாளியின் மினி வேனில்
விடியற்காலை காசிமேட்டு ரோட்டில் பழகியது.
அவனிடம் சொல்ல வேண்டிய விஷயமாக
அது எனக்குப் படவில்லை.

ஹெரால்டை எடுத்தேன்.
சந்து முனையில்
மீன்பாடி வண்டிக்கும் தண்ணி டிரம்முக்கும் நடுவே
ரிவர்ஸே போடாமல்
ஒரே வெட்டில் திரும்பியது அது,
பாவாடை சுழற்றுகிற மாதிரி.
ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது:
இந்த இடத்திலிருந்து பார்த்தால்
இது இரண்டு கதவு வண்டியே இல்லை.
எனக்கு ஒரு கதவு. போதும்.

"இதையா?" என்றான் எட்வின்.
சாவியைக் கைப்பையில் போட்ட சத்தம்
அவனுக்குக் கேட்டிருக்கும்.

இப்போது சனிக்கிழமைகளில்
துறைமுக கேட்டிலிருந்து தெய்வானை ஏறுகிறாள்
சங்கரா கூடையோடு, பின்சீட்டில்.
முன்னால் வா என்றால் கேட்கமாட்டாள்,
கூடைக்குத் துணை வேணுமாம்.
வண்டி முழுக்கக் கடல். பரவாயில்லை.

தண்டையார்பேட்டை மார்க்கெட் வந்ததும்
நான் இறங்குகிறேன்.
சீட்டை மடக்குகிறேன்.
கூடை முதலில், பிறகு ஒரு கால்,
சேலையை ஒதுக்கி இன்னொரு கால்.
அவளுக்கு முட்டி வலி, அவசரமே கிடையாது.

பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கிறது.
அடிக்கட்டும்.
கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.